சில்க் போர்டில் நிற்காது

சின்னப்பாவுக்கு மனைவி இருக்கிறாள். நல்லபடியாக, சர்ஜாபுரத்தில் இருக்கிறாள். இருந்தும் ஸ்ரீராம்புரத்து வீட்டில் அவர் ஒருத்தருக்கு மட்டும்தான் சோறு வடிக்கிறார். இருவருக்கும் சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. பேரன் பிறந்தான், அவ்வளவுதான்.

மகள் லாவண்யா நர்ஸ். இன்ன நேரத்துக்கு டியூட்டி என்று அவளுக்கே தெரியாது. மருமகனுக்கு அதைவிட மோசம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்தே ஆகவேண்டும் என்றாள், சரளா பெட்டியைக் கட்டினாள். அங்கே இருப்பது ஒரே படுக்கையறை. இவரும் போய் உட்கார்ந்தால் மருமகன் பால்கனியில்தான் படுக்க வேண்டும். இந்தப் பெருநகரத்தில் குழந்தை பெற்றவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒரு பாட்டி போய்ச் சேர்ந்துவிடுகிறாள். அவள் விட்டுவிட்டு வந்த தாத்தாவை எந்தக் கணக்கெடுப்பிலும் யாரும் கேட்பதில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. ஸ்ரீராம்புரத்திலிருந்து சர்ஜாபுரத்துக்கு நேராக ஒரு பஸ். காலையில் ஏறினால் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கும்போது ஊர் வந்திருக்கும். மதியம் சரளாவோடு உட்கார்ந்து சாப்பிடுவார். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்டுகளை ஒரு ஓரமாகத் தள்ளிக்கொண்டிருப்பார். சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பி வந்தால், அந்தத் தெம்பில் அடுத்த ஞாயிறு வரை ஓடிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஸ்டாண்டில் விசில் வைத்துக்கொண்டு நின்றவரைப் போய்க் கேட்டார்.

"அந்த பஸ்ஸா? அது திட்டத்துக்குள்ள போயிடுச்சு பெரியவரே."

"எப்போ வெளிய வரும்?"

"அதெல்லாம் மேல இருக்கறவங்களைத்தான் கேக்கணும்."

விஷயம் இதுதான். ரயிலையும் பஸ்ஸையும் ஒருங்கிணைத்து ஒரு நெடுந்திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. ஒருங்கிணைப்பதற்கு முதல் வேலையாக, முழுசாக ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை மூன்று துண்டாக வெட்டினார்கள். மெஜஸ்டிக் பஸ் நிலையம் வரை ஒரு துண்டு, அங்கிருந்து சில்க் போர்டு சந்திப்பு வரை ஒரு துண்டு, மிச்சம் ஒரு துண்டு. எதிர்காலத்தில் இந்தத் துண்டுகளையெல்லாம் ரயில் வந்து ஒட்டவைக்கும். சின்னப்பா ஒருமுறை துண்டு துண்டாகவே போய்ப் பார்த்தார். முழங்கால் தேய்ந்தவர். மேம்பாலத்துப் படியேறி இறங்கி, நின்றுகொண்டே நெரிசலில் நசுங்கி, கடைசியில் சர்ஜாபுரம் போய்ச் சேர்ந்தபோது சரளா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் குழந்தையோடு தூங்கிப்போயிருந்தாள். அவளை எழுப்ப மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசித் துண்டைத் தவறவிடக்கூடாதே என்று கிளம்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் கால் வீங்கிக் கிடந்தது.

போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எடுத்ததும் சரளா, "மெதுவா பேசுங்க, இப்பதான் தூங்கறான்" என்பாள். இவர் மெதுவாக, "சரி, வெச்சிடறேன்" என்பார்.

ஆகவே தன் பஸ்ஸைத் தேடிக்கொண்டு அவர் நெடுந்திட்ட ஆணையத்துக்கே போனார்.

பெருநகர வட்டாரப் போக்குவரத்து நெடுந்திட்ட ஆணையம் ஊருக்கு வெளியே, கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இருந்தது. அங்கே எந்த பஸ்ஸும் போகாது. ஆட்டோ பாதி வழியில் இறக்கிவிட, மீதியை நொண்டிக்கொண்டே நடந்து முடித்தார். வாசல் காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"யாரைப் பாக்கணும்?"

"யாரைன்னு தெரியலப்பா. நான் பஸ்ல போறவன்."

காவலாளி முகம் மாறியது. போனை எடுத்தான். "சார், கீழ ஒருத்தர் வந்திருக்கார். பஸ்ல போறவராம். இல்ல சார், நெஜமாதான்."

சற்று நேரத்தில் லிஃப்ட் திறந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு கூட்டமே ஓடிவந்தது. அவர்களுக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தவர் கிரண், ஆணையத்தின் தலைமைத் திட்ட அதிகாரி. சின்னப்பா திரும்பிப் பார்த்தார், பின்னால் யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறாராக்கும் என்று.

அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. திட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கவேண்டும். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால் அதில் நிஜமான பயணி ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும். மாதக் கணக்காகக் கூட்டம் போட்டார்கள், பயணி வரவில்லை. பஸ் போகாத இடத்துக்குப் பயணி எப்படி வருவான் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அலுவலக டிரைவர்களை உட்காரவைத்துச் சமாளித்தார்கள். ஓட்டுகிறவன் பயணி ஆகமாட்டான் என்று தணிக்கையில் அடித்துவிட்டார்கள்.

சின்னப்பாவை நடுநாயகமாக உட்காரவைத்து, மைசூர்ப் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை ஒன்றைத் தலையில் வைத்தார்கள். உளுந்து வடையும் காபியும் வந்தன. கிரண் எழுந்து பேசினார். அவர் தமிழ் கன்னட வாடையடிக்கும் தமிழ், வெகு சரளம்.

"சின்னப்பா அவரே, ஒண்ணு ஓப்பனா சொல்றேன். முந்தின திட்டத்துல ரயில் மட்டும்தான் வரல. இந்தத் திட்டத்துல ரயிலு, பஸ்ஸு ரெண்டையும் ஒருங்கிணைச்சிருக்கோம். நாங்க முப்பது வருஷத்துக்கு யோசிக்கறவங்க. தினம் தினம் பஸ் ஓட்டறது பெரிய விஷயமில்ல, அதை யார் வேணும்னாலும் பண்ணலாம். அதனாலதான் அதை யாரும் பண்ண வேணாம்னு விட்டுட்டோம். ஆய்த்து, இப்ப நீங்க சொல்லுங்க. உங்க தேவை என்ன?"

"ஞாயித்துக்கிழமை சர்ஜாபுரம் போவணும் சார்."

"எந்த ஞாயிறு?"

"வர்ற ஞாயிறு."

கிரண் பரிவோடு சிரித்தார். "வர்ற ஞாயிறு பத்தி யோசிக்க இங்க யாருக்கும் அதிகாரம் இல்ல. 2051-ல உங்களுக்கு என்னென்ன வசதி வேணும்னு சொல்லுங்க."

"2051-லயா? அப்போ நான் இருக்க மாட்டேனே சார்."

பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த ஆலோசகர் பெண் இதைத் தட்டெழுதினாள். தர்ஷினி என்று பெயர், ஈரோட்டுப் பக்கம். உடனே சுவரில் இருந்த பெரிய திரையில் எழுத்து விழுந்தது: 'மூத்த பயணிகளின் தேவை படிப்படியாகத் தானே குறையும்.' எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

பிறகு அவள் இன்னொன்றைக் காட்டினாள். திரையில் ஊரின் படம் விரிந்தது. ஸ்ரீராம்புரத்தில் ஒரு நீலப் புள்ளி முளைத்தது.

"இதுதான் நீங்க, அங்கிள்."

நீலப் புள்ளி கிளம்பியது. எங்கேயும் படி ஏறவில்லை, நெரிசலில் நசுங்கவில்லை. இன்னும் ஊன்றாத தூண்களின் மேல், இன்னும் வாங்காத ரயிலில் வழுக்கிக்கொண்டு போய்ச் சர்ஜாபுரத்தில் நின்றது. சின்னப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"போய்ச் சேர்ந்தப்புறம் அது இன்னா பண்ணும்மா?"

"அவ்ளோதான் அங்கிள். ட்ரிப் முடிஞ்சிடும்."

"சாப்பிடுமா?"

"அதெல்லாம் மாடல்ல இல்லீங்க அங்கிள்."

"சரி. இன்னொரு வாட்டி போடேன்."

தர்ஷினி போட்டாள். இன்னொரு வாட்டியும் போட்டாள். கிரண் இதை மக்களின் பேராதரவு என்று எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சின்னப்பா ஆணையத்தின் பயணி ஆனார். கூட்டம் என்றால் கில்பர்ட் ஓட்டும் வெள்ளைக் கார் சந்து முனைக்கே வந்து நிற்கும். இருக்கைத் துணியின் நிறம் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டார்கள். ரயில் வரும்போது ஒலிக்கவேண்டிய இசை பற்றிக் கேட்டார்கள். எதிர்காலப் பயணியின் மனநிலை என்று ஒரு தனி அமர்வே நடந்தது. அவர் ஒவ்வொரு முறையும் சர்ஜாபுரம் பஸ் என்றார். அவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு புதுத் தலைப்பின் கீழ் அதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

விளம்பரத் தட்டிக்குப் படமும் எடுத்தார்கள். சிரிப்பு சரியாக வரவில்லை என்று படம் பிடிப்பவர் அலுத்துக்கொண்டார். "எங்கயோ போய்ச் சேர்ந்துட்ட மாதிரி நெனைச்சுக்குங்க" என்றார். சின்னப்பா கீரைத் தண்டை நினைத்துக்கொண்டார். அடுத்த நொடி படம் எடுத்தாகிவிட்டது. '2051-இல் நானும் பயணிப்பேன்' என்ற எழுத்துக்கு மேல் அவர் சிரிக்கும் தட்டி ஊர் முழுக்க பஸ் நிறுத்தங்களில் ஏறியது. பஸ் வராத நிறுத்தங்களில் இடம் தாராளமாக இருந்ததால் அங்கே இன்னும் பெரிதாக வைத்தார்கள்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கூட்டங்களை அவர் எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டார். வீட்டில் காலையில் பல் தேய்த்தது முதல் படுக்கும் வரை அவரை ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை. டிவி பேசும், அது இவருக்காகப் பேசுவதல்ல. ஆணையத்திலோ, கோட் போட்டவர்கள் குனிந்து, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்கிறார்கள். பதிலை அவர்கள் கேட்காவிட்டால்தான் என்ன? தனியாக இருக்கிற மனிதனுக்குக் கேள்வியே பாதி வயிறு நிரம்பிய மாதிரிதான். அதை நினைத்தால் எனக்கு ஆணையத்தின் மேல் வருகிற கோபத்தைவிட, அவர் மேல் வருகிற வருத்தம் அதிகம்.

ஒருநாள் திரும்பும்போது கில்பர்ட்டிடம் மெல்லக் கேட்டார்.

"வண்டிய அப்படியே சர்ஜாபுரம் பக்கம் வுடேன் கில்பர்ட்டு. அரை மணி நேரம் பார்த்துட்டு வந்துடறேன்."

"ஐயோ அண்ணா, இந்த வண்டி மக்கள் கருத்துக் கேக்கறதுக்கு மட்டும்தான். ஜிபிஎஸ் வெச்சிருக்கான். மக்களை அவுங்க போவணும்ன்ற எடத்துக்கு இட்டுனு போனேன்னா என் வேல காலி."

பிறகு ஒரு நல்ல சேதி வந்தது. அடுத்த கருத்துக் கேட்பு சர்ஜாபுரத்திலேயே நடக்கப்போகிறதாம். சின்னப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டார். சிவாஜிநகர் போய்ப் பேரனுக்கு ஒரு ஜிப்பா வாங்கினார். சரளாவுக்குப் பிடித்த காராபூந்தி ஒரு பொட்டலம். காலையில் கார் கட்டாயம் வரும் என்று வாசலில் நின்றார். கார் வரவில்லை. போன் வந்தது.

"சின்னப்பா அவரே, அது சர்ஜாபுரத்து மக்களுக்கான கூட்டம்" என்றார் கிரண். "நீங்க ஸ்ரீராம்புரத்துப் பயணி. நீங்க அங்க வந்தா ரெண்டு ஊர்லயும் இருந்த மாதிரி ஆயிடும். சாஃப்ட்வேர் ஒத்துக்காது. கவலப்படாதீங்க, அங்கயும் ஒரு பயணி கிடைச்சுட்டாங்க!"

காராபூந்தியை அன்று மதியம் ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டார்.

அதன்பின் கூட்டு அமர்வு என்று ஒன்று வைத்தார்கள். தலைமை அலுவலகத்தில் ஸ்ரீராம்புரத்துப் பயணி, சர்ஜாபுரத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் அந்த ஊர்ப் பயணி, நடுவில் வீடியோ இணைப்பு. விளக்கேற்றினார்கள். திரை விழித்துக்கொண்டது. அந்தப் பக்கம், தலையில் பேட்டாவோடு, மடியில் பேரனை வைத்துக்கொண்டு சரளா உட்கார்ந்திருந்தாள்.

சின்னப்பா எழுந்தே நின்றுவிட்டார். "சரளா! நீ எங்க அங்க?"

"உக்காருங்க, உக்காருங்க" என்றார் கிரண். "பயணிகள் ஒருத்தரோட ஒருத்தர் நேரடியா பேசக்கூடாது. நெறியாளர் மூலமாத்தான் பேசணும்."

நெறியாளர் தர்ஷினி. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன கேக்கணும் அங்கிள்?"

"அவ என் வீட்டுக்காரிம்மா. அங்க எப்படி வந்தான்னு கேளு."

கேட்டாள். சரளா பேட்டாவைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "எங்க பஸ் ஸ்டாப்புல இவரு போட்டோ ஒட்டியிருந்துச்சு. எங்க வீட்டுக்காரரை ஏன்யா இங்க மாட்டி வெச்சிருக்கீங்கன்னு கேக்கப் போனேன். நீங்க பயணியான்னு கேட்டாங்க. ஆமான்னேன். புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலன்னு கேளும்மா."

"பஸ்ஸு விட்டாங்கன்னா சொல்லாம கொள்ளாம வந்து நிக்கலாம்னு இருந்தேன். அவருக்கு முட்டி வலி, எத்தன நாளைக்குத்தான் அவரே வருவாரு? ஞாயித்துக்கிழமையில லாவண்யாவை லீவு போடச் சொல்லிட்டு நான் அங்க வர்ற மாதிரி பஸ்ஸு கேட்டிருக்கேன்."

"இது எதுவும் நிகழ்ச்சி நிரல்ல இல்ல" என்று கிரண் கடிகாரத்தைப் பார்த்தார். "தர்ஷினி, மாடல் போடுங்க."

படம் விரிந்தது. ஸ்ரீராம்புரத்தில் நீலப் புள்ளி. சர்ஜாபுரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. ஞாயிறு காலை, முதல் ரயில். இரண்டும் ஒரே சமயத்தில் கிளம்பின. நீலம் தெற்கே வந்தது, மஞ்சள் வடக்கே போனது. சில்க் போர்டுக்கு மேலே இரண்டும் ஒன்றையொன்று உரசின மாதிரி வந்து, நிற்காமல் விலகிப் போயின. நீலம் சர்ஜாபுரத்திலும் மஞ்சள் ஸ்ரீராம்புரத்திலும் போய் நின்றன. அரங்கமே கைதட்டியது.

"பாத்தீங்களா!" கிரணுக்குக் குரல் தழுதழுத்தது. "ரெண்டு பக்கமும் சமமான தேவை! உலகத்துல எந்தத் திட்டத்துலயும் இவ்வளவு அழகா அமைஞ்சதில்ல. ஒரு பெட்டிகூடக் காலியாத் திரும்பாது."

சின்னப்பா கையைத் தூக்கினார். "சார், அந்த சில்க் போர்டுகிட்ட ஒரு நிமிசம் நிறுத்த முடியுமா?"

"அது எக்ஸ்பிரஸ். சில்க் போர்டில் நிற்காது."

"அப்போ நான் போறேன். அவ அங்கயே இருக்கட்டும். அவளுக்கு நின்னுக்கிட்டு வந்தா தலை சுத்தும்."

கிரண் முகம் வெளிறியது. தர்ஷினி ஏதோ தட்டினாள். மஞ்சள் புள்ளி அணைந்தது. மறுகணமே நீலப் புள்ளியின் அடியிலிருந்த ரயில் பாதையும் அணைந்தது. தூண்கள் வரிசையாக மறைந்தன.

"ஒரு பக்கம் மட்டும் ஆள் போனா லைன் கட்டுப்படியாகாது அங்கிள்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு பேரும் கிளம்பினாத்தான் ரயில் வரும்."

"சின்னப்பா அவரே, ஸ்வல்ப யோசிங்க" என்றார் கிரண். "உங்க ரெண்டு பேருக்காகத்தான் இவ்வளவும். நீங்க ரெண்டு பேரும் சந்திச்சுக்கணும்னு பிடிவாதம் பிடிச்சா, திட்டமே போயிடும். போறது முக்கியமா, பாக்கறது முக்கியமா?"

மண்டபத்தில் குழந்தை சிணுங்கியது. சரளா அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, நெறியாளரைக் கேட்காமல், நேராகத் திரையைப் பார்த்துச் சொன்னாள். "ஏங்க, இருக்கட்டும் விடுங்க. எனக்கும் வேணும்னே எழுதிக்கச் சொல்லுங்க. முதல்ல ரயிலு வரட்டும். வந்தா ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் நான்னு நமக்குள்ள பேசிக்கலாம்."

"அப்படியெல்லாம் பேசிக்கக் கூடாதும்மா" என்று கிரண் பதறினார். "வாராவாரம் ரெண்டு பேரும் கிளம்பணும். அதுக்குத்தான் ஒப்புதல் கேக்கறோம்."

சின்னப்பா திரையில் அவளைப் பார்த்தார். இளைத்திருந்தாள். பேட்டா காதை மறைத்துக்கொண்டிருந்தது. இத்தனை பேருக்கு நடுவில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட அவருக்கு உரிமை இல்லை. இணைப்பை எப்போது துண்டிப்பார்களோ என்று பயமாக இருந்தது.

"சரி சார். ரெண்டு பேரும் போறோம்" என்றார்.

தூண்கள் திரும்ப முளைத்தன. புள்ளிகள் திரும்பக் கிளம்பின, உரசின, விலகின, போய்ச் சேர்ந்தன. கிரண் நன்றியுரை தொடங்கிவிட்டார். சின்னப்பா மட்டும் ஸ்ரீராம்புரத்தில் நின்றுகொண்டிருந்த மஞ்சள் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"சாவி எங்கிட்ட இருக்குதும்மா" என்றார் தர்ஷினியிடம், ரகசியம் போல. "அவ வெளிய நிக்கறா பாரு."

தர்ஷினி மஞ்சள் புள்ளியைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் சர்ஜாபுரத்து இணைப்புக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து, சரளா இருந்த இடத்தில் ஆணையத்தின் சின்னம் வந்துவிட்டது.

கில்பர்ட் சந்து முனையில் இறக்கிவிட்டுப் போனான். சின்னப்பா வீட்டுக்குள் போகவில்லை. மெயின் ரோட்டுக்கு நடந்து, குடை ரிப்பேர் கடைக்குப் பக்கத்தில் சாவி போடுகிறவனிடம் நின்று, வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் அடித்துக்கொண்டார். திரும்பிவந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். பியாட்ரிஸ் அக்கா மாவுக் கையோடு வந்தார்.

"இந்தச் சாவிய வெச்சுக்குங்க அக்கா. சரளா வந்தா குடுத்துடுங்க. நான் வீட்டுல இருக்க மாட்டேன்."

"அட, சரளா வர்றாளா! எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

பியாட்ரிஸ் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். கையைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினார். "இந்த ஞாயிறா, அடுத்த ஞாயிறா?"

சின்னப்பா கொஞ்சம் யோசித்தார்.

"அது இன்னும் முடிவாகல அக்கா. நீங்க பத்திரமா மட்டும் வைங்க" என்று சொல்லிவிட்டு, தன் கதவைத் திறந்துகொண்டு ஒருத்தருக்கு அரிசி அளந்து போட உள்ளே போனார்.